ஆறு, குன்று, கிணறு: தீரன் சின்னமலையை கம்பெனி படையால் சுலபமா பிடிக்க முடியாதது ஏன்?

பல்லடத்துல இருந்து திருப்பூர் போற ரோட்டில் இருக்கிறது அருள்புரம். பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, நடுவில் ஓடுகிற தண்ணீர் லாரி. இந்த வட்டாரத்தில் ஆடி மாதம் வந்தாலே குதிரை மேல் வாளோடு இருக்கும் தீரன் சின்னமலை படம் பேனர்களில் வந்துவிடும். தூக்கில் போடப்பட்டார், சமையல்காரர் காட்டிக்கொடுத்தார் என்கிற வரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கையில் பீரங்கியும் பயிற்சி பெற்ற சிப்பாய்களும் வைத்திருந்த கிழக்கிந்திய கம்பெனிக்கு, ஒரு வறண்ட வட்டாரத்தின் தலைவரை அடக்க ஏன் ஆண்டுக்கணக்கில் ஆனது? பதில் அவருடைய வீரத்தில் மட்டும் இல்லை, இந்த மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிறது.

யார் இந்த தீர்த்தகிரி?

இயற்பெயர் தீர்த்தகிரி. 1756 ஏப்ரல் 17-ல் காங்கேயம் அருகே மேலப்பாளையத்தில் பிறந்தார். அப்பா ரத்தினசாமி, அம்மா பெரியாத்தா. சின்ன வயதிலேயே குதிரையேற்றம், சிலம்பம், வாள், வில் எல்லாம் கற்றார்.

அப்போது கொங்கு நாடு மைசூர் அரசின் கீழ் இருந்தது. இங்கே வசூலித்த வரிப்பணத்தை மைசூருக்குக் கொண்டுபோன ஆட்களை வழிமறித்துப் பிடுங்கி, ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டாராம். யார் பறித்தது என்று கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கும் சின்னமலை என்று போய்ச் சொல்லச் சொன்னாராம். பேர் வந்த கதையாக மக்கள் இன்றும் சொல்வது இதுதான். பேரிலேயே ஒரு மேப் இருக்கிறது, கவனிச்சீங்களா?

பிறகு வெள்ளையர் பெரிய எதிரியாக வந்ததும், அதே மைசூரோடு கைகோத்தார். கொங்கு இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு திப்பு சுல்தான் பக்கம் நின்று போரிட்டார். பிரெஞ்சுக்காரர்களிடம் நவீன போர்முறையும் அங்கே கற்றார். 1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார், கொங்கு நாடு கம்பெனி கைக்குப் போனது. ஊர் திரும்பிய சின்னமலை, இப்போதைய ஈரோடு மாவட்டம் அறச்சலூர் பக்கத்தில் ஓடாநிலையில் கோட்டை கட்டினார்.

ஓடாநிலையைச் சுத்தி என்ன இருந்தது?

இது பாலைவனம் இல்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பிரதேசம். திருப்பூர் வட்டாரத்தில் ஆண்டு மழை சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். நொய்யலில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடாது.

இன்று சென்னிமலை, அறச்சலூர் பக்கம் பார்க்கிற பச்சை வயல்களை வைத்து அந்தக் காலத்தை எடை போடக்கூடாது. அது 1955-ல் முடிந்த பவானிசாகர் அணையும் கீழ்பவானி வாய்க்காலும் கொடுத்த பச்சை. சின்னமலை காலத்தில் அங்கே புன்செய் காடு, மேய்ச்சல் நிலம், முள்வேலி, மாடு கட்டி கவலை இறைக்கிற ஆழக் கிணறு. நடுநடுவே தனித்து நிற்கும் பாறைக் குன்றுகள்.

இந்த நிலத்தில் ஒரு படை எப்படிச் செயல்படும் என்று மூன்று விஷயத்தில் பார்க்கலாம்.

1. ஆறு ஒரு கதவு: சங்ககிரி, சேலம் பக்கம் 1792-லேயே கம்பெனி கைக்கு வந்துவிட்டது. அங்கிருந்து ஓடாநிலைக்கு வர காவிரியைத் தாண்டியாக வேண்டும். காவிரிக்குத் தண்ணீர் வருவது கர்நாடகத்து மழையில். அதனால் கொங்கு காட்டில் சொட்டு மழை இல்லாத ஆடியிலும் ஆறு கரை புரளும். அப்போது மேட்டூர் அணையும் கிடையாது. பரிசலில் பீரங்கியை ஏற்றிக் கரை சேர்ப்பது லேசான வேலையா? 1801-ல் கம்பெனி படையோடு சின்னமலை மோதிய இடம் காவிரிக் கரை என்பது தற்செயல் இல்லை.

2. குன்று ஒரு கண்: சமவெளிக்கு நடுவில் நிற்கும் சென்னிமலை, சிவன்மலை மாதிரி குன்றில் ஏறி நின்றால் படை கிளப்பும் புழுதி வெகு தூரத்திலேயே தெரியும். காய்ந்த மண்ணுக்கு அது ஒரு குணம், யார் நடந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். அறச்சலூர் மலையில் பழைய சமணர் குகையும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் இருக்கின்றன. மனிதர்கள் ஒதுங்கித் தங்கக்கூடிய மலை என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரிந்த இடம் அது. 1804-ல் அங்கேயும் ஒரு மோதல் நடந்தது.

3. கிணறு ஒரு ரகசியம்: ஒரு குதிரை நாளைக்குச் சுமார் 30 லிட்டர் தண்ணீர் குடிக்கும். பீரங்கி இழுக்கிற காளைக்கு 40 லிட்டர் என்று வையுங்கள். 100 காளை என்றால் அதற்கு மட்டுமே 4,000 லிட்டர். இவ்வளவையும் கவலை கட்டி இறைக்க வேண்டும், அதற்கு ஊர்க்காரன் மாடு வேண்டும், அவன் மனசும் வேண்டும். பெரிய படைக்கு இது தினசரித் தலைவலி. பத்து இருபது பேராகப் பிரிந்து போகிற உள்ளூர் ஆட்களுக்கு ஒரு தோட்டத்துக் கிணறும் ஒரு சட்டி கம்மங்கூழும் போதும்.

1802-ல் ஓடாநிலையிலேயே நடந்த போரையும் சேர்த்து, இந்த மூன்று மோதல்களையும் சின்னமலையின் வெற்றியாகத்தான் கொங்கு மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

தனி ஆளா நின்னாரா?

இல்லை. 1800-ல் விருப்பாட்சி கோபால நாயக்கர் உள்ளிட்ட பாளையக்காரர்களின் கூட்டணி, கோவைக் கோட்டையைத் தாக்கத் திட்டம் போட்டது. ஜூன் 3 குறித்த நாள். திட்டம் முன்கூட்டியே வெளிப்பட்டுத் தோற்றது. பிடிபட்ட பலர் தூக்கிலிடப்பட்டார்கள். கோட்டையை நேரடியாகத் தாக்குவது வேறு, சொந்தக் காட்டில் எதிரியை இழுத்து அடிப்பது வேறு என்பதை அந்தத் தோல்வி காட்டியது.

அப்புறம் எப்படிப் பிடிபட்டார்?

கம்பெனி கடைசியில் பெரிய பீரங்கிகளோடு ஓடாநிலைக்கே வந்தது. தகவல் முன்பே கிடைத்ததால் சின்னமலை கோட்டையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். படை வந்து பார்த்தபோது ஆள் இல்லை. வெறும் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள்.

ஆனால் அவர் போய்ச் சேர்ந்தது பழனி பக்கம் கருமலை. மறைந்திருக்க மலை நல்ல இடம்தான். ஆனால் சொந்தக் காட்டில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் சோறு தண்ணீர் கொடுத்த ஊர்ச்சனம் அங்கே இல்லை. சாப்பாட்டுக்கு ஒரே ஒரு அடுப்பை நம்ப வேண்டி வந்தது. கம்பெனி அந்த அடுப்படிக்குத்தான் விலை பேசியது. சமையல்காரர் காட்டிக்கொடுக்க, சின்னமலையும் தம்பிகளும் பிடிபட்டார்கள்.

இது இங்கே மட்டும் நடந்த கதை இல்லை. லிபியா பாலைவனத்தில் இத்தாலியை எதிர்த்து 20 ஆண்டு போராடிய உமர் முக்தாரையும் துப்பாக்கியால் மட்டும் தோற்கடிக்கவில்லை. இத்தாலியர் கிணறுகளை மூடினார்கள், ஆதரவு தந்த மக்களை முகாம்களில் அடைத்தார்கள், எகிப்து எல்லையில் முள்கம்பி வேலி போட்டார்கள். 1931-ல் அவரும் தூக்கிலிடப்பட்டார். கொரில்லா வீரனின் உண்மையான கோட்டை அவனுக்குத் தண்ணீர் கொடுக்கிற வீடுதான்.

ஜூலை 31-ஆ, ஆடி 18-ஆ?

1805 ஜூலை 31-ல் சங்ககிரி மலைக்கோட்டையில் சின்னமலை தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பிகளும் தளபதி கருப்பசேர்வையும் அவரோடு சேர்த்துக் கொல்லப்பட்டார்கள். அவருக்கு வயது 49. மக்கள் சொல்வதோ ஆடி 18. குழப்பம் வேண்டாம், இரண்டும் சரிதான். தமிழ் மாதப் பிறப்பு ஆங்கிலத் தேதியைவிட மெதுவாகத் தள்ளிப்போகிறது. அன்று ஜூலை 31-ல் வந்த ஆடி 18, இன்று ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வருகிறது.

அதாவது ஆற்றில் புதுவெள்ளம் வருவதைக் கும்பிடுகிற ஆடிப்பெருக்கு அன்று அவர் உயிர் போனது.

இன்னைக்கு நமக்கு என்ன?

ஓடாநிலையில் மணிமண்டபம் இருக்கிறது, சென்னை கிண்டியில் சிலை இருக்கிறது. 2005-ல் அஞ்சல் தலையும் வந்தது. ஆனால் சின்னமலை நடமாடிய அதே சென்னிமலை பக்கம்தான் நொய்யல் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையும் இருக்கிறது. பாசனத்துக்குக் கட்டிய அந்த அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே உள்ள நிலமும் கிணறும் பாழானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகே கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத முறை இங்கே கறாராக வந்தது. அருள்புரத்தில் இருக்கும் பொது சுத்திகரிப்பு நிலையமும் அந்தக் கதையில் ஒரு பகுதி.

ஒரு பேரரசையே இழுத்தடிக்க ஒரு மனிதருக்குத் துணை நின்றவை இந்த ஊர்க் கிணறுகள். அந்தக் கிணற்றுத் தண்ணீரை இன்றைக்கு ஒரு வாய் குடிக்க முடியுமா என்பதுதான் அடுத்த ஆடி 18-க்கு மாலை போடும்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.