கண்ணாடி விரியனுக்குப் பெயர் தந்த டாக்டர்



நம்ம கல்வராயன் மலை அடிவாரத்துல கரும்பு வெட்டப் போறவங்க ரொம்பப் பயப்படுறது கண்ணாடி விரியனுக்குத்தான். அந்தப் பாம்புக்கு இங்கிலீஷ்ல ரஸ்ஸல்ஸ் வைப்பர் என்று பெயர். யார் இந்த ரஸ்ஸல்?

பேட்ரிக் ரஸ்ஸல் ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பர்க் நகரில் பிறந்தார். மருத்துவம் படித்து, சிரியாவில் அலெப்போ நகரில் பல வருடம் டாக்டராக இருந்தார். அங்கே பிளேக் நோய் பரவியபோதும் ஊரை விட்டு ஓடவில்லை. 1781-ல் தன் சகோதரருடன் விசாகப்பட்டினம் வந்தார். 1785-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைச் சென்னை மாகாணத்தின் இயற்கை ஆய்வாளராக நியமித்தது.

அப்போ ஜனங்களுக்கு எது விஷப்பாம்பு, எது சாதுவான பாம்பு என்றே சரியாகத் தெரியாது. எதைப் பார்த்தாலும் அடிதான்! ரஸ்ஸல் பாம்புகளைச் சேகரித்து, விஷப்பல் இருக்கிறதா என்று பார்த்தார். செதில்களை எண்ணினார். படம் வரையச் செய்தார். உள்ளூர் மக்கள் சொன்ன தெலுங்குப் பெயர்களையும் மறக்காமல் எழுதி வைத்தார். நாகத்துக்கு அடுத்த ஆபத்தான பாம்பு கண்ணாடி விரியன் என்று கண்டு சொன்னார்.

விஷத்தின் வேகத்தை அறிய, கோழிகளையும் நாய்களையும் கடிக்க விட்டார். படிக்கும்போதே எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. பாஷாணம் கலந்த தஞ்சாவூர் மாத்திரையை எல்லாரும் கைகண்ட மருந்து என்று நம்பினார்கள். அவர் அதையும் சோதித்தார். அதை நம்ப முடியாது என்று தெரிந்தது.

1796-ல் சோழமண்டலக் கரைப் பாம்புகள் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. 1805-ல் காலமானார். கடைசி வரை மருந்தை அவர் பார்க்கவில்லை. விஷமுறிவு ஊசி வர இன்னும் சுமார் 90 வருஷம் ஆச்சு.

இன்று அந்த ஊசிக்கான விஷத்தைச் சென்னை அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுக்கிறார்கள். 1978-ல் தொடங்கியது அது. பாம்பை மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். கண்ணாடிக் குடுவையின் மேல் கட்டிய மெல்லிய தோலைக் கடிக்க விட்டு விஷம் எடுப்பார்கள். சில வாரம் கழித்து, அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் செய்து, காட்டிலேயே விட்டுடுவாங்க. கொல்றதே இல்லை!

போன மாசம் எங்க தெருவுல ஒரு சாரைப்பாம்பை விரியன்னு நெனச்சு அடிச்சே கொன்னுட்டாங்க. எலி தின்னும் பாம்பு அது. பாவம்! 200 வருஷத்துக்கு முன்னாடியே ரஸ்ஸல் வித்தியாசம் சொல்லிட்டாரே!

தோழர்களே, பாம்பைக் கண்டால் தள்ளி நில்லுங்க. அவரைப் போல வாயைத் திறந்து பார்க்க நினைக்காதீங்க! கடிச்சுட்டா கீறாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, மந்திரிக்கப் போகாதீங்க. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊசி அங்கே இருக்கு.



- 9-ஆம் வகுப்பு மாணவி