கேட்டு நின்ற கலைச்செல்வி

செய்யுளுக்குரிய உறுப்புக்களை வகுத்துரைத்த தொல்காப்பியனார், கூற்று என்பதை ஓர் உறுப்பாகக் கொண்டதோடு அமையாது, கேட்போர் என்பதனையும் தனி உறுப்பாக வைத்து எண்ணினார். சொல்பவர் மாத்திரம் இருந்தாற் போதாது. அச்சொல்லை ஏற்று நிற்பவரும் வேண்டும். இந்நுட்பத்தை மாணாக்கருக்கு விளக்கப் புகும்போதெல்லாம், ஸ்கொத்லாந்து தேசத்து நடிகை ஒருவரே என் நினைவில் வந்து நிற்கின்றார். அவர் பெயர் மேரி யூர்.

முதன்முதல் நான் அவரைக் கண்டது, 1968 இல் வெளியான ‘வேர் ஈகிள்ஸ் டெயார்’ என்னும் போர்ப்படத்திலேயாகும். படம் வெளிவந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அதனைப் பார்க்க வாய்த்தது. பனிமலைக் கோட்டையும், கம்பியில் தொங்கி ஓடும் வண்டியும், றிச்சட் பேட்டன், கிளின்ற் ஈஸ்ற்வூட் ஆகியோரின் துப்பாக்கிகளும் என் கண்ணை நிறைத்தன. உடன் வந்த உளவுப் பெண்ணை நான் பொருட்படுத்தவில்லை. அவர் யார் என்பதைப் பிற்காலத்தில் நூல்களிற் படித்து அறிந்தபோது நாணமே உண்டாயிற்று.

மேரி யூர் 1933 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 ஆந் தேதி கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தையார் ஒரு பொறியியலாளர். யோர்க் நகரத்து மவுண்ட் பாடசாலையிற் கல்வி பயின்றார். அந்நகரில், ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளாக ஆடப்படாது கிடந்த பழைய சமய நாடகத் தொடர் 1951 இல் மீண்டும் அரங்கேறியபோது, தேவமாதா மரியாளாக நடித்தவர் இம்மாணவியே. பின்னர் இலண்டனில் நாடகக் கலையை முறையாகப் பயின்று, 1955 இல் பீற்றர் புறூக் நெறிப்படுத்திய ‘ஹம்லெற்’ நாடகத்தில், போல் ஸ்கோபீல்டுக்கு எதிரே ஒபீலியாவாகத் தோன்றினார். அக்குழு மொஸ்கோ நகருக்கும் சென்று நடித்தது.

1956 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆந் தேதி, இலண்டன் றோயல் கோட் அரங்கில் ‘லுக் பாக் இன் அங்கர்’ என்னும் நாடகம் அரங்கேறியது. இயற்றிய ஜோன் ஒஸ்போண் அப்போது இருபத்தாறு வயது இளைஞர். ஆங்கில நாடக வரலாற்றின் போக்கை மாற்றியது அந்த இரவு என்பர் ஆராய்ச்சியாளர். திரை விலகுகிறது, சிறியதோர் அறை, ஞாயிற்றுக்கிழமை மாலை. இரு ஆடவர் பத்திரிகை படித்திருக்க, அலிசன் என்னும் இளம் மனைவி நின்றபடியே துணிகளுக்கு இஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருக்கிறாள். கணவன் ஜிம்மி ஓயாது பேசுகிறான். அவளையும் அவள் தாயையும் ஏசுகிறான். அவளோ பெரும்பாலும் மறுமொழி கூறுவதில்லை.

அலிசனாக நின்றவர் மேரி யூர். நாடகத்தின் சினம் முழுவதும் ஜிம்மிக்கு உரியதென உலகம் பேசிற்று. ஆயின், அச்சினம் எத்துணைக் கொடியது என்பதைச் சபையோர் எதைக் கொண்டு அளப்பர்? அவள் முகத்தையும் கையையும் கொண்டன்றோ! எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையும் இளிவரலும் வாய்திறவாமலே வெளிப்பட வேண்டிய இடம் அது. பேச்சுக்குப் பயிற்சி எளிது. பேச்சைத் தாங்குவதற்குப் பயிற்சி அரிது. 1957 இல் நியூயோர்க்கிலும், 1959 இல் பேட்டனோடு திரைப்படத்திலும் அப்பாத்திரத்தை அவரே ஏற்றார். நியூயோர்க் நடிப்பின் பொருட்டு அமெரிக்க நாடக உலகின் உயர் விருதான ரோனிக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. இதற்கிடையே 1957 இல் ஒஸ்போணை மணந்திருந்தார்.

1956 இன் பிற்பகுதியிலே, ஆதர் மில்லரின் ‘எ வியூ புறொம் த பிறிட்ஜ்’ நாடகத்திலும் நடித்தார். தணிக்கை அதிகாரி அதற்கு அனுமதி மறுத்தமையால், இலண்டன் கொமெடி அரங்கம் உறுப்பினர் மாத்திரம் காணும் கழகமாக மாற்றப்பட்டு நாடகம் நிகழ்ந்தது. அவ்வரங்கத்தின் பெயரை வாசகர் நினைவிற் கொள்க. 1959 இல் ஸ்ற்றாட்போட் நகரில் போல் றொப்சன் ஒதெல்லோவாக நடித்தபோது, டெஸ்டிமோனாவாக நின்றவரும் இவரே. தம் அரசு எட்டு ஆண்டுகள் கடவுச்சீட்டு மறுத்து வைத்திருந்தமையால் வெளிநாடு செல்ல இயலாதிருந்த கறுப்பினப் பெருங்கலைஞர் றொப்சன் என்பதை எண்ணும்போது, அம்மேடையின் கனம் விளங்கும்.

1960 இல் வெளியான ‘சன்ஸ் அன்ட் லவேர்ஸ்’ படத்தில், கணவனைப் பிரிந்து தன் காலில் நிற்கும் கிளாரா என்னும் பெண்ணாக நடித்தமைக்கு, துணை நடிகைக்கான ஒஸ்கார் விருதுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. விருது வேறொருவருக்குச் சென்றது. ஒஸ்போணுடனான மணம் முறிந்தபின், 1963 இல் நடிகரும் எழுத்தாளருமான ரொபேட் ஷோவை மணந்தார். நான்கு பிள்ளைகளின் தாயாகிய பின் அவர் மேடையேறுவது அருகிற்று. குடிப்பழக்கமும் அவரை வருத்தியது. பத்திரிகைகள் அவரை முதலில் ஒருவர் மனைவி என்றும், பிறகு மற்றொருவர் மனைவி என்றும் எழுதின.

எனினும், 1971 இல் நியூயோர்க்கில் ஹரோல்ட் பின்ரரின் ‘ஓல்ட் டைம்ஸ்’ நாடகத்தில் கேற் என்னும் பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. கணவனும் பழைய தோழியும் அவளைப் பற்றிய நினைவுகளைச் சொல்லிச் சொல்லிப் போட்டியிட, கேற் நெடுநேரம் கேட்டிருக்கிறாள். இறுதியில் அவள் வாய்திறந்து பேசுகிறாள், அவ்விருவரும் அடங்குகின்றனர். கணவனாக நடித்தவர் ஷோவே. அலிசன் மேடையேறிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, இறுதிச் சொல் கேற்றுக்குக் கிட்டிற்று.

1975 ஏப்ரலில், முன்பு நடித்த அதே கொமெடி அரங்கில் ‘த எக்சோசிசம்’ என்னும் நாடகம் தொடங்கியது. 1972 இல் பிபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான கதை அது. முதல் நாள் ஆட்டம் முடிந்து சில மணி நேரத்துள், மதுவும் உறக்க மருந்தும் கலந்ததால் ஏப்ரல் 3 ஆந் தேதி மேரி யூர் உயிர் நீத்தார். வயது நாற்பத்திரண்டு.

இம்முடிவைக் கொண்டு ஒழுக்கப் பாடம் ஒன்று எழுதிவிட என் கை முன்னொரு முறை விழைந்தது. ஆசிரியத் தொழிலில் ஊறிய கை அல்லவா! எழுதிய தாளை நானே கிழித்தேன். ஓர் இரவைக் கொண்டு இருபது ஆண்டுக் கலையை அளப்பது, கடைசி வரியை மாத்திரம் படித்துக் காவியத்துக்கு உரை காண்பது போலாகும்.

கொமெடி அரங்கம் 2011 முதல் பின்ரர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எங்கள் கல்லூரி நாடகத்திலோ, வசனம் குறைந்த பாத்திரம் வேண்டாமென்று ஏட்டைத் திருப்பித் தரும் மாணவி ஆண்டுதோறும் ஒருத்தி இருப்பாள். அவளை அருகில் இருத்தி இக்கதையைச் சொல்லுவேன். பின்பு அந்த ஏட்டை மீண்டும் அவள் கையிலேயே கொடுப்பேன்.