காந்தியின் எடை நின்றபோது டாக்டர்கள் ஏன் பயந்தார்கள்?

காந்தி வாழ்நாள் முழுக்கத் தன் உடம்பையே சோதனைக்கூடமாக வைத்திருந்தவர். 1888-ல் சட்டம் படிக்க லண்டன் போனபோதே உணவுச் சோதனைகளை ஆரம்பித்துவிட்டார். தென்னாப்பிரிக்காவில் உப்பையும் பருப்பையும்கூட விட்டுப் பார்த்தார். 1943-ல் ஆகா கான் மாளிகைச் சிறையில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார்.

கடைசி உண்ணாவிரதம் 1948 ஜனவரி 13-ல், டெல்லி பிர்லா மாளிகையில். இந்து-முஸ்லிம் அமைதிக்காக. அப்போது வயது 78. முதலில் நாளுக்கு 2 பவுண்டு என இறங்கிய எடை, 107 பவுண்டில், அதாவது சுமார் 48.5 கிலோவில் நின்றுவிட்டது. கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். டாக்டர்களுக்கோ கவலை. குடித்த தண்ணீரைச் சிறுநீரகம் சரியாக வெளியேற்றவில்லை. உடம்பு கரைய, தண்ணீர் சேர, எடை மட்டும் அப்படியே நின்றது. 18-ம் தேதி, தலைவர்கள் அமைதிக்கு உறுதி தந்த பிறகே உண்ணாவிரதத்தை முடித்தார். 12 நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

எடை குறைக்க நினைக்கிற நமக்கும் இதில் விஷயம் இருக்கு. இங்கே டொராண்டோவில் நானும் தினமும் எடை பார்க்கிறவன்தான். ராத்திரி ஸ்கார்பரோவில் கொத்து ரொட்டி சாப்பிட்டால் காலையில் ஒரு கிலோ கூடக் காட்டும். அது ஒரே ராத்திரியில் வந்த கொழுப்பு இல்லீங்க. பெரும்பாலும் உப்பும் மாவுச்சத்தும் பிடித்து வைத்த தண்ணீர், கூடவே வயிற்றில் இருக்கும் சாப்பாடு. இதுக்காக மறுநாள் பட்டினி கிடக்காதீங்க. ஏழு நாள் சராசரியைப் போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்க. ஆனால் எடை மளமளவென்று ஏறி, காலும் வீங்கினால் டாக்டரைப் பாருங்க. அங்கே சராசரி உதவாது.