கோணங்களை அளந்த பேராசிரியர்

2022இல் தென்கொரியா, கோவிட் நோய்க்கு எதிரான ஸ்கைகோவியோன் என்னும் தடுப்பூசிக்கு ஒப்புதல் அளித்தது. அதிலுள்ள நுண்ணிய புரதப் பந்து இயற்கையில் கிடைப்பதன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி கொண்டு வடிவமைக்கப்பட்டது. பந்தின் மேல் வைரஸ் புரதத்தின் ஒரு துண்டு 60 இடங்களில் பொருத்தப்பட்டிருக்கும். புதுப் புரதம் வரையும் கணிப்பொறிக்கு எது ஆகும், எது ஆகாது என்று காட்டும் விதிகளுள் ஒன்று நம் சென்னையில் பிறந்தது என்பதை எத்தனை பேர் அறிவோம்?

அதைத் தந்தவர் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன். 1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றபின், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை, சர் சி. வி. இராமன் இயற்பியலுக்கே இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். வயது முப்பதுதான்!

அங்கே அவர் எடுத்துக்கொண்டது கொலாஜன், அதாவது தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் புரதம். கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ் கதிரைச் செலுத்தி ஆராய்ந்தார். மூன்று சங்கிலிகள் முப்புரிக் கயிறுபோல் முறுக்கிக் கிடக்கின்றன என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1955இல் விளக்கினார். பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அதில் குறை கண்டனர். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்பது அவர்கள் வாதம். டி.என்.ஏ. வடிவம் கண்ட அதே கிரிக்! வேறொருவராயின் மனம் சோர்ந்திருப்பார். இவரோ, அப்படியானால் இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்ற கேள்வியைப் பற்றிக்கொண்டார். அதுவரை அறியப்பட்ட படிக அமைப்புகளையெல்லாம் துருவி அந்த எல்லையை வகுத்தார்.

புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் சுழலக்கூடிய பிணைப்புகள் இரண்டு. அவ்விரு கோணங்களையும் வரைபடத்தாளின் இரு அச்சுகளாக்கி, எந்தெந்தச் சோடியில் அணுக்கள் மோதும் என்று தம்மிடம் பயின்ற ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டார். துணைக்கு இருந்தது மேசைக் கணக்குப்பொறிதான். செய்முறைப் பதிவேட்டில் இருபது அளவீடுகள் எழுதவே சலித்துக்கொள்ளும் நமக்கு அந்த உழைப்பு எளிதில் விளங்காது. முடிவில் தாளின் பெரும்பகுதி ஆகாத இடமாயிற்று; எஞ்சியவை சில தீவுகளே. 1963இல் வெளியான அதுவே ராமச்சந்திரன் வரைபடம். புரதம் வடிவமைக்கும் நிரல்கள் இன்றும் கணுக்களின் கோணங்களை இதனோடு ஒத்துப் பார்க்கின்றன.

1970இல் சென்னையை விட்டுச் சென்றவர், பெங்களூரில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையை நிறுவினார். 1977இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபல் பரிசு கிட்டவில்லை. அது அந்தப் பரிசுக்குத்தான் குறை என்பேன். 1999இல் படிகவியலாளர்களின் எவால்டு பரிசு வந்தபோது பார்க்கின்சன் நோய் அவரைத் தளர்த்தியிருந்தது. 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் காலமானார்.