உடையவர் நடந்த வழிகள்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

மாசி மகத் தீர்த்தவாரிக்காகத் திருக்கண்ணபுரம் ஸ்ரீசௌரிராஜப் பெருமாள் காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருளுகின்றார். பத்மினி நாச்சியாரைத் தங்கள் குலத்துப் பெண்ணாகக் கொண்ட மீனவ மக்கள், பெருமாளை மாப்பிள்ளையென்றே உரிமை கொண்டாடி எதிர்கொள்கின்றனர். அடியார்கள் பலர் வெறுங்காலுடன் அவ்வழியில் நடந்து வந்து ஸேவிக்கின்றனர். மாசி வெயிலில் தார்ச் சாலை கொதிக்கும். கடற்கரை மணலும் சுடும். இந்தக் கால்நடைக்கு உரிய பொருள் யாது? அதைத் தம் திருவடிகளாலேயே உலகுக்குக் காட்டியருளியவர் பகவத் ராமாநுஜர்.

கி.பி. 1017ஆம் ஆண்டு, பிங்கள வருஷம், சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீபெரும்பூதூரில் ஆஸூரி கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் திருக்குமாரராக அவர் அவதரித்தார். இளம் வயதில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். மாணவரின் தெளிந்த ஞானம் ஆசிரியருக்குப் பொறாமையை விளைத்தது. கங்கா யாத்ரை என்று அழைத்துச் சென்று ஆற்றில் மூழ்கடிக்கச் சதி நடப்பதைச் சிறிய தாயாரின் புதல்வரான கோவிந்தர் குறிப்பால் உணர்த்த, விந்திய மலைக் காட்டில் அவர் தனியே பிரிந்தார். முள்ளும் கல்லும் நிறைந்த அக்காட்டில் திக்குத் தெரியாது தளர்ந்திருந்தபோது, ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாக வந்தனர். இரவில் வேடுவச்சி தாகம் என்றாள். பொழுது விடிந்ததும் அருகிலிருந்த கிணற்றில் இறங்கி நீர் கொணர்ந்து கொடுத்துத் திரும்பிப் பார்த்தால் இருவரையும் காணவில்லை. எதிரே காஞ்சியின் புண்யகோடி விமானம் தெரிந்தது. வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே என்றுணர்ந்த அவர், அன்றுமுதல் அந்தச் சாலைக் கிணற்றிலிருந்து திருமஞ்சனத் தீர்த்தம் சுமந்து வந்து பேரருளாளனுக்குக் கைங்கர்யம் செய்தார். உயிர் பிழைத்த நடை இவ்வாறு பெருமாளுக்குத் தொண்டு செய்யும் நடையாயிற்று.

பின்னர்த் துறவு பூண்டு திருவரங்கம் எழுந்தருளினார். திருமந்திரத்தின் ரஹஸ்யார்த்தத்தைப் பெறவேண்டித் திருக்கோட்டியூர் நம்பியிடம் சென்றார். நம்பி உடனே உபதேசித்துவிடவில்லை. மீண்டும் வரச் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். திருவரங்கத்திற்கும் திருக்கோட்டியூருக்கும் இடையே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவு. 18 முறை போய் மீண்டார் என்றால், ஓர் உபதேசத்திற்காக அவர் நடந்த தூரம் ஏறத்தாழ 3,600 கிலோமீட்டர். தண்டும் பவித்திரமுமாகத் தனியே வரவேண்டும் என்று நம்பி ஆணையிட்டிருக்க, முதலியாண்டானே தமக்குத் தண்டு, கூரத்தாழ்வானே பவித்திரம் என்று விண்ணப்பித்து இருவரையும் உடன் அழைத்துச் சென்றார். 18ஆம் முறை கிடைத்த பொருளை எவருக்கும் வெளியிடலாகாது என்பது நிபந்தனை. மீறினால் தமக்கு நரகமே என்றறிந்தும், பலர் உய்வர் என்னும் ஆசையால் திருக்கோயிலின் மேலேறி நின்று ஆசையுடையார்க்கெல்லாம் அதை வழங்கினார். அக்கருணையைக் கண்டு உருகிய நம்பி அவருக்கு எம்பெருமானார் என்று திருநாமம் சாற்றினார். இத்தனை தூரம் நடந்து பெற்ற செல்வத்தை ஒரு பொழுதில் ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்ட வள்ளன்மை இது.

இத்தகைய திருவடிகள் ஓரிடத்தில் மட்டும் தயங்கி நின்றன. திருவேங்கடமலை ஆதிசேஷனின் திருமேனியே என்பது பெரியோர் கொள்கை. ஆகவே மலையடிவாரத்திலேயே நின்று தொழுது மீளக் கருதினார் உடையவர். அவர் ஏறாவிடில் வேறெவரும் ஏறத் துணியார் என்று அனந்தாழ்வான் முதலானோர் வேண்டிக்கொள்ள, இசைந்து மலையேறினார். திருமலையைக் காலால் மிதிக்க அஞ்சி முழங்காலாலேயே ஊர்ந்து ஏறினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அலிபிரியிலிருந்து ஏறும் நடைபாதையில் செங்குத்தான ஒரு பகுதி முழங்கால் முறிச்சான் என்று இன்றும் வழங்குகிறது. மலையிலிருந்து பிரஸாதத்துடன் எதிர்கொள்ள வந்தவர் முதியவரான திருமலை நம்பி. இதற்கு ஒரு சிறியவரை அனுப்பலாகாதோ என்று உடையவர் வினவ, நான்கு வீதியும் தேடிப் பார்த்ததில் தம்மிலும் சிறியவர் ஒருவரும் அகப்படவில்லை என்று நம்பி விடையளித்தார். மலையேறுவோர் மனத்தில் கொள்ளவேண்டிய பாடம் இதுவே.

பிரம்மஸூத்திரத்திற்கு உரை வகுக்க வேண்டிப் போதாயன வ்ருத்தியைத் தேடிக் காச்மீரம் வரை எழுந்தருளினார். அரிதிற் கிடைத்த அந்நூல் கையில் நிலைக்கவில்லை. ஆயினும் அதனை ஒருமுறை படித்தே நெஞ்சில் நிறுத்திக்கொண்ட கூரத்தாழ்வான் உடனிருந்தமையால் ஸ்ரீபாஷ்யம் உருவாயிற்று.

சோழ மன்னனால் துன்பம் நேர்ந்தபோது, ஆசார்யனின் காஷாயத்தைத் தாம் தரித்து அவைக்குச் சென்ற கூரத்தாழ்வான் தம் கண்களை இழந்தார். பெரிய நம்பி உயிரையே இழந்தார். உடையவரோ வெள்ளை ஆடை உடுத்துச் சில சீடர்களுடன் மேல்நாட்டுக் காடுகளில் புகுந்தார். உணவும் உறக்கமும் இன்றி நடந்து களைத்த அவர்களுக்கு மலைவேடர்கள் தேனும் தினையும் அளித்து வழிகாட்டினர். மிதிலாபுரி சாளக்கிராமத்தில் ஊரார் நீரெடுக்கும் துறையில் முதலியாண்டானின் திருவடிகளை விளக்கச் செய்தார். அத்தீர்த்தம் கொண்டவர்கள் மனம் மாறி வந்து பணிந்தனர். தொண்டனூரில் ஹொய்ஸள மன்னன் விஷ்ணுவர்த்தனன் ஆட்பட்டான். மேல்கோட்டையில் திருநாராயணப் பெருமாளைக் கண்டெடுத்துக் கோயில் அமைத்து, அக்காலத்தில் தீண்டத்தகாதார் எனத் தள்ளப்பட்டிருந்த மக்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு ஆலயப் பிரவேச உரிமையும் அளித்தார். காட்டில் தேனும் தினையும் உண்டு நடந்தவர், அடைத்திருந்த வாயிலைத் திறந்துவைத்தார்.

திருவரங்கம் மீண்டபின், முதிர்ந்த வயதில் நாள்தோறும் காவேரிக்கு நீராட எழுந்தருள்வார். போகும்போது அந்தண சீடர் ஒருவரின் தோளைப் பற்றிச் செல்வார். நீராடித் தூய்மையுற்று மீளும்போது, மல்லர் குலத்துப் பிள்ளை உறங்காவில்லிதாஸரின் தோளைப் பற்றி வருவார். குலச் செருக்கு என்னும் அழுக்கு நீரால் போகாது, அடியாரின் தொடர்பால்தான் போகும் என்பதைச் சொல்லாமல் சொல்லிய நடை அது.

120 ஆண்டுகள் இந்நிலவுலகில் எழுந்தருளியிருந்து 1137ஆம் ஆண்டு பரமபதம் அடைந்தார். திருவரங்கத்தில் தானான திருமேனியாக வீற்றிருந்து ஸேவை ஸாதிக்கின்றார். அவர் ஸந்நிதியில் ஸாதிக்கப்படும் ஸ்ரீசடாரிக்கு முதலியாண்டான் என்றே திருநாமம். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் ஸ்ரீசடாரிக்கு ஸ்ரீராமாநுஜம் என்று திருநாமம். ஆழ்வாருக்குத் தாம் பாதுகையாகி, தம் பாதுகையாகச் சீடரை ஏற்ற பெருமை அது.

உடையவர் கால் நோவதற்காக நடந்தவர் அல்லர். ஒவ்வொரு வழியிலும் ஒன்றைப் பெற்றார். பெற்றதைப் பிறர்க்கு அளித்தார். வெறுங்காலுடன் வரும் அடியார், அருகில் தளர்ந்து வருபவர் எக்குலத்தவராயினும் தோள் கொடுத்து நடத்திச் செல்வாராயின், அதுவே உடையவர் நடந்த வழி. நடக்க இயலாத முதியோரும் நோயாளரும் இருந்த இடத்திலிருந்தே தொழலாம். அவர்களிடம் கடற்கரை நோக்கித் தானே எழுந்தருளி வருகின்றான் சௌரிராஜன்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.