திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். அன்னார் பெற்ற பட்டங்களைப் பேசுமுன், மாணவப் பருவத்தில் அவர் பட்ட அச்சத்தை நாம் அறிதல் வேண்டும்.

கோயமுத்தூர்க் கல்லூரியில் அவர் பயின்ற காலத்து அங்கிருந்த மாணவர் ஏறத்தாழ 400 பேர். பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் குலமும் குடியிருப்பும் தெரியவந்தால் இழிவு நேருமென அஞ்சி, அவர் எவரோடும் கூடி விளையாடாது, வெளியே எங்கேனும் அமர்ந்து படிப்பார்; மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார்; வகுப்பு கலைந்ததும் பிறர் எட்டாதபடி விரைந்து வீடு சேர்வார்.

அவ்வாறு ஒளிந்து கற்ற கல்வி அவரை வாழ்நாள் முழுதும் ஒளிந்திருக்க விடவில்லை. நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றிப் பின் சென்னைக்கு வந்தவர், 1893 அக்டோபரில் இதழொன்று தொடங்கினார். எப்பெயர் வெளிப்படுமோ என்று மாணவராய் இருந்தபோது நடுங்கினாரோ, அப்பெயரையே, 'பறையன்' என்று, அதன் முகப்பில் பொறித்தார்.

அக்காலத்தே சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்ற முயற்சி எழுந்தது. கல்வி எட்டாத நம் மக்கள்மீது உயர்சாதியினரே அதிகாரிகளாய் அமர்வர் என உணர்ந்த அவர், எதிர் விண்ணப்பம் ஒன்று திரட்டினார். அதில் ஒப்பமிட்டோர் 3,412 பேர்.

1900-இல் கடல் கடந்தவர், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். தாயகம் திரும்பியபின் 1923-இல் சென்னைச் சட்டசபை உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவரையும் தடுத்தலாகாது என்னும் தீர்மானத்தை 1924-இல் கொணர்ந்து நிறைவேற்றினார். 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் நம் மக்கள் சார்பில் அமர்ந்தார். தம் கல்லூரி நாளைய அச்சத்தை 1939-இல் வெளியிட்ட வாழ்க்கைச் சுருக்கத்தில் மறையாது எழுதிவைத்தார். 1945 செப்டம்பர் 18-ஆம் நாள் மறைந்தார்.

தனித்து அமர்ந்து படித்த அம்மாணவர் அன்றே அஞ்சிக் கல்வியைக் கைவிட்டிருப்பின், சட்டசபையில் அத்தீர்மானத்தை எடுத்துரைக்க அவர் இருந்திரார். தம் தெருவின் பெயரைச் சொல்லத் தயங்கிக் கடைசி வரிசையில் அமரும் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே உளர். பெற்றோரே, அவர்களைப் பள்ளியினின்று நிறுத்திவிடாதீர்கள். அவ்வச்சம் நீங்கும்வரை அவர்களுக்குத் துணைநிற்றல் இச்சங்கத்தார் ஆகிய நம் அனைவரின் கடன்.