மடத்தினின்று கல்லூரிக்கு

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்தபின், அவர் மாணவராகிய உ. வே. சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்திலேயே தங்கிப் பாடஞ் சொல்லி வந்தார். ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை அன்புடன் ஆதரித்தார்.

1880-இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வுபெற விழைந்து, தம் பதவியை ஐயரே ஏற்றல் வேண்டுமெனத் தேசிகரிடம் வந்து கேட்டார். திங்கட் சம்பளம் 50 ரூபாய். அந்நாளில் அது சிறு தொகையன்று. ஐயருக்கு ஆசை ஒருபுறம். தம்மை வளர்த்த இடத்தைப் பிரியவேண்டுமே என்னும் கலக்கம் ஒருபுறம். தேசிகருக்கும் அவரை அனுப்ப மனம் வரவில்லை. செட்டியாரோ விட்டபாடில்லை. இறுதியில் தேசிகர் ஐயரின் நலங்கருதி விடைகொடுத்தார். பிரிவாற்றாமையை அடக்கிக்கொண்டு தந்த விடை அது.

பிப்ரவரியில் ஐயர் பணியேற்றார். அவ்வாண்டே அவ்வூரில் சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். அவர் வினவிய பின்னரே ஐயர் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார்; அந்நூல் 1887-இல் அச்சாகி வெளிவந்தது.